பாமினிக்குள் ஒளிந்திருந்த அம்மா

அப்பா 1999-ல் தட்டச்சு செஞ்ச நினைவுக் குறிப்புகள் ஒரு ஃப்ளாப்பியில் கிடந்தன. அதைப் படிக்கிற டிரைவுக்கே ரெண்டு வாரம் அலைஞ்சேன் (அது தனிக்கதை). ஒருவழியா கோப்பு திறந்தது. உள்ளே தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கண்டபடி இறைஞ்சு கிடந்துச்சு.

கெட்டுப்போச்சுன்னு மூடப் போனவன் அப்புறம்தான் கவனிச்சேன். ஒரே கோவை திரும்பத் திரும்ப வருது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினியில் தட்டினவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். அது 'அம்மா'. அப்பா எழுதியிருந்தது எங்க அப்பாயியைப் பத்தி.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைச்சாச்சு. ஆனா நம்ம கணினிகளுக்கு அது வந்து சேர வருஷங்கள் ஆச்சு. அதுவரைக்கும் ஆளுக்கொரு எழுத்துரு. இணையத்தில் கூடிப் பேசினவங்க டிஸ்கியை உருவாக்கினாங்க. 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டை அறிவிச்சது. பாமினியோ, ஆங்கில எழுத்துகளோட இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்கார வெச்சிருந்தது. எழுத்துரு போனா தமிழும் போச்சு. வோர்ட் கோப்பா இருந்தா எழுத்துருவின் பேராவது கூடவே இருந்திருக்கும். அப்பா எதுக்கோ வெறும் டெக்ஸ்டா சேமிச்சிருந்தார்.

1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டமும் இந்தச் சிக்கலில்தான் மாட்டிச்சு. ஆனா அவங்க விடலை. டிஸ்கியில் இருந்த நூல்களை 2000-களில் யூனிகோடுக்கு மாத்தினாங்க. பழைய ஏடு உதிர்றதுக்குள்ள புது ஓலையில் படியெடுத்தாங்களே, அதே வேலை. 'ஸ்கேன் பண்ணியாச்சு, கவலை விட்டது'ன்னு சொல்றவங்களைக் கண்டா எனக்கு இப்பல்லாம் பயமா இருக்கு.

மாத்துறதும் எழுத்துக்கு எழுத்து வெச்சா முடியற வேலை இல்லை. பாமினியில் 'கெ'வுக்குக் கொம்பை முதலில் தட்டணும். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னாடி. நல்லவேளை, இதுக்கெல்லாம் நம்ம ஆளுங்க எப்பவோ மாற்றி எழுதி வெச்சிருக்காங்க. புண்ணியவான்கள்!

நாற்பது பக்கமும் தமிழா வந்துருச்சு. ஒரே ஒரு இடம்தான் இடிச்சது. அப்பாயி விடியற்காலையில் 'டிரள' ஏறித் திருச்சிக்குப் போனாங்களாம். இதென்ன ஊர்ப்பக்க வண்டியான்னு அரைமணி நேரம் மண்டையை உடைச்சேன். அப்பா அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆங்கிலத்தில் அடிச்சிருக்கார். பஸ்! :-)