சக்கரம் எத்தனை முறை சுற்றியது?



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் மாப்பிள்ளையின் காரில் போடிமெட்டு வழியாக மூணாறு புறப்பட்டோம். அதற்கு முந்தின வாரம்தான் பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மாற்றியிருந்தார். காரில் இருந்தது 185/65 R15. கடையில் அந்த அளவு இல்லையாம். 205/65 R15 போடுங்கள், அகலமாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லி மாட்டிவிட்டார்கள். பார்க்கவும் எடுப்பாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

மலையில் லேசான மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில் மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், வண்டி துவள்கிறது. டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்குகிறது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். "தாத்தா, வண்டி பின்னாடி போயிடுமா?" என்று பேத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ ஓரம் கட்டினோம். அன்று மூணாறு போகவில்லை, மெதுவாகக் கீழே இறங்கிவிட்டோம்.

மறுநாள் வண்டியைக் கொண்டுபோனது என் பழைய மாணவர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்புக்கு. ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். நாலு டயரையும் ஒரு சுற்று பார்த்தார். பில் தாளின் பின்பக்கம் எதையோ எழுதி என்னிடம் நீட்டினார். "சார், நீங்க சொல்லிக்கொடுத்த கணக்குதான் சார்."

185/65 R15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (R என்பது ரேடியஸ் இல்லை, ரேடியல் என்ற டயர் வகை. நானே பல வருடம் தப்பாக நினைத்திருந்தேன்.) கணக்குப் போட்டால் முன் டயரின் விட்டம் 621.5 மி.மீ., பின் டயர் 647.5 மி.மீ. வித்தியாசம் 26 மி.மீ.தான். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட முன் சக்கரம் சுமார் 512 தடவை சுற்ற வேண்டும், பின் சக்கரத்துக்கு 492 போதும். வட்டத்தின் சுற்றளவைச் சைக்கிள் சக்கரத்தை உருட்டிக் காட்டிப் பாடம் எடுத்தவன் நான். கடையில் நிற்கும்போது எனக்கு அது உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அதிலிருந்து இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் அளப்பது ரோமானியர் காலத்து வித்தை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் அப்படி ஒரு வண்டியை எழுதி வைத்திருக்கிறார். சுமார் நாலு அடி விட்டமுள்ள சக்கரம், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி, 400 சுற்றுக்கு ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். சக்கரத்தின் அளவு மாறினால் கல் விழும் இடமும் மாறும். நம் கதையின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு கல்லிலேயே இருக்கிறது.

1902-இல் ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் காந்தம் சுழலும் ஸ்பீடாமீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். நம் அம்பாசிடரில் முள் நடுங்கிக்கொண்டே இருக்குமே, அந்த வம்சம்தான். அந்தக் காலத்தில் டயர் அளவை மாற்றினால் முள் மட்டும் பொய் சொல்லும். வண்டியின் மற்ற எதற்கும் அது தெரியாது.

தெரிய ஆரம்பித்தது 1978-இல். பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. இதற்கு மருந்து முதலில் விமானங்களுக்குத்தான் வந்தது. 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற இங்கிலாந்துக் காரில் டன்லப் கம்பெனியின் இயந்திர முறை வந்தது. மின்னணு முறையான ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்குக் கொடுத்தது. சக்கரத்தோடு ஒரு பல்வளையம் சுற்றும். பக்கத்திலுள்ள சென்சார் பற்களை எண்ணும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று சுற்றுக் குறைந்தால் அது பூட்டப்போகிறது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து அந்தப் பிரேக்கைத் தளர்த்தும்.

இந்த இடம்தான் முக்கியம். அந்தக் கம்ப்யூட்டர் சாலையைப் பார்ப்பதில்லை, டயரையும் பார்ப்பதில்லை. டயரின் சுற்றளவு அதற்குள் எழுதி வைக்கப்பட்ட ஓர் எண். நாம் டயரை மாற்றினாலும் அது பழைய எண்ணை வைத்தே கணக்குப் போடும்.

1995-இல் மெர்சிடிஸும் பாஷும் இஎஸ்பி கொண்டுவந்தன. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுற்றுகிறது என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு, வண்டி வழுக்கினால் தானே பிரேக் போடும். அப்போது அது பணக்காரர் சமாச்சாரம். 1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்ப்பதுபோல் புதிய மெர்சிடிஸ் ஏ கிளாஸை வளைத்து ஓட்டிப் பார்த்தது. கார் கவிழ்ந்தது! கம்பெனி விற்பனையை நிறுத்தி, டயரையும் சஸ்பென்ஷனையும் மாற்றி, எல்லா ஏ கிளாஸுக்கும் இஎஸ்பி பொருத்தியது. சின்னக் கார்களுக்கு இது வந்துசேர அந்தக் கவிழ்ந்த கார் ஒரு பெரிய காரணம்.

அடுத்தது அமெரிக்கா. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000-இல் அதற்காகவே சட்டம் வந்தது. அதன்படி 2007 முதல் அங்கே புதுக் கார்களில் காற்றழுத்த எச்சரிக்கை கட்டாயம். சில கார்களில் இதற்குத் தனிச் சென்சார் கிடையாது. காற்று குறைந்த டயரின் ஆரம் கொஞ்சம் குறையும், அதனால் கூடுதலாகச் சுற்றும். ஏபிஎஸ் சென்சாரே அதைக் கண்டுபிடித்துவிடும். அப்படியென்றால் வேறு அளவு டயர் அதற்கு எப்படித் தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். இழுப்பது முன் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரத்தைவிட 3 கிலோமீட்டர் வேகமாக ஓடுவதுபோல் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதாவது முன் சக்கரம் ஏற்கெனவே கொஞ்சம் வழுக்குகிறது என்று ஒரு பொய்க்கணக்கு. நேர்ச்சாலையில் அதைப் பொறுத்துக்கொண்டது. மழையில், ஏற்றத்தில், உண்மையான வழுக்கலும் சேர்ந்ததும், "சக்கரம் சும்மா சுழல்கிறது" என்று எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டது. எங்களைக் காப்பாற்ற வைத்த கருவி, தப்பான எண்ணை நம்பி எங்களை வளைவில் நிறுத்தியது.

அளவை மாற்றவே கூடாதா என்றால், அப்படியில்லை. 195/55 R16 போட்டால் விட்டம் 620.9 மி.மீ. ரிம் பெரிதாகிறது, பக்கச்சுவர் குட்டையாகிறது, மொத்தச் சுற்றளவு ஏறக்குறைய அதேதான். நான்கிலும் போட வேண்டும் என்பது மட்டுமே முக்கியம். நான்கும் ஒரே மாதிரி பெரிதானால் சக்கரங்களுக்குள் சண்டை வராது, ஆனால் வேகமும் தூரமும் தப்பாகும். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் வந்த கார்களில் 80-ஐத் தாண்டினால் 'பீப்' ஒலிக்கிறதல்லவா, அதுவும் தாமதமாக ஒலிக்கும்.

ஸ்டெப்னியிலும் கவனம் வேண்டும். (வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உதிரிச் சக்கரம் செய்தார்கள். அந்தத் தெருப் பெயர் நம் ஊர் டிரைவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது!) இப்போது பல கார்களில் சின்ன ஸ்டெப்னிதான். அதன் மேலேயே வேக வரம்பு 80 என்று ஒட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டும் வரை மட்டும் அதில் ஓட்டுங்கள்.

பழைய அளவிலேயே இரண்டு டயர் வாங்கிப் போட்டோம். மஞ்சள் விளக்கு பிறகு வரவில்லை. பெரிய டயர்களைக் கடைக்காரர் பாதி விலைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவை இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கிடக்கின்றன.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு மாணவர் வாங்க மறுத்துவிட்டார். 621.5, 647.5 என்று அவர் எழுதிய தாளை மட்டும் நான் டைரியில் வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் அவருக்குக் கணக்கில் நான் போட்ட மதிப்பெண் 31.

உங்கள் காரில் டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். நாலு டயரிலும் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கீழே கமெண்டில் எழுதுங்கள். கணக்குப் போட்டுத் தர நான் தயார்.