ஏரியில் ஓடிய ஓடம்



ஆண்டுதோறும் பட்டுப்புடைவை எடுப்பதற்காகச் சென்னையிலிருந்து எங்கள் சேவூருக்கு வரும் நண்பர் ஒருவர், சென்ற முறை வந்த வேலையை விரைவில் முடித்துக்கொண்டு, "இந்தப் பக்கத்தில் தூண்டில் போடவும் படகு விடவும் ஏற்ற இடம் ஏதேனும் உண்டா?" என்று வினவினார்.

கடற்கரைப் பகுதியைப் பற்றிக் கேட்டிருந்தால் விடை எளிது. பழவேற்காட்டு ஏரி இருக்கிறது; முட்டுக்காட்டு உப்பங்கழி இருக்கிறது; பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டினூடே துடுப்புப் படகில் செல்லலாம். கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் அப்படியே எடுத்தாண்டனர்; 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே அது காணப்படுகிறது. ஆனால் கடல் எங்களுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆரணியை ஒட்டிக் கமண்டல நாகநதி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே காட்சி தரும். ஆகவே, "ஏரிக்குச் செல்லலாம்" என்றேன். "ஏரியில் படகா?" என்று நண்பர் நகைத்தார். அந்த நகைப்பே இன்று என்னைப் பேச வைத்தது.

நெசவாளர் ஊரில் மீன்பிடிப்புக்கென ஒரு பருவம் உண்டு. மழை தொடங்கினால் தெருவில் பாவு நீட்ட இயலாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறிவிடும். தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றது. என் இளமையில் அத்தகைய நாட்களில், தெருவிலுள்ள பெரியவர்கள் மூங்கிற் கழியும் மண்புழுவுமாக ஏரிக்கரைக்குப் புறப்படுவார்கள். சிறுவர்களாகிய நாங்கள் வாழை மரங்களைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, பனை மட்டையால் துழாவிக்கொண்டு அலைவோம். கெளுத்தியோ விராலோ கிடைத்தால் இரவு அடுப்பு எரியும், கிடைக்காவிட்டால் கஞ்சிதான். அது பொழுதுபோக்கா பிழைப்பா என்று யாரும் அன்று பிரித்துப் பார்த்ததில்லை.

ஏரியில் ஓடம் ஓடிய வரலாற்றை நான் அறிந்தது பிற்காலத்தில். ஆரணிக்கு அருகிலுள்ள வளையாத்தூரில் 1864இல் பிறந்தவர் வெங்கையா. இந்திய அரசின் தலைமைக் கல்வெட்டறிஞராக உயர்ந்து 1912இல் மறைந்தவர். தொல்லியல் துறையின் 1903-04ஆம் ஆண்டறிக்கையில், தென்னாட்டின் பண்டை நீர்ப்பாசனம் குறித்து அவர் ஓர் அரிய கட்டுரை வரைந்தார். ஏரி சூழ்ந்த ஊரில் பிறந்தவருக்கு அப்பொருள் மீது நாட்டம் சென்றதில் வியப்பில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

எங்கள் தொண்டை மண்டலம் ஏரிகளால் வாழ்ந்த நாடு. மாமண்டூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துச் சித்திரமேகத் தடாகமும், உத்திரமேரூரில் தந்திவர்மன் காலத்து வயிரமேகத் தடாகமும் இன்றும் நிலைத்துள்ளன. மழைநீர் தன்னோடு வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கும். ஆண்டுதோறும் அதை அகற்றாவிடில் ஏரி மேடாகிவிடும். கோடையில் வற்றிய பகுதியை வெட்டி எடுக்கலாம். நீர் வற்றாத ஆழத்தில் என்ன செய்வது? அதற்குத்தான் ஓடம். ஆழத்து வண்டலை வாரிக் கூடை கூடையாக ஓடத்தில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அம்மண்ணே கரையையும் உயர்த்தும். இதற்கென ஓடம் விடவும், ஓடத்தில் உழைப்போருக்கு நெல் அளக்கவும் அறக்கட்டளைகள் வைத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கோயிலில் விளக்கெரிக்க ஆடு விட்டதைப் போலவே ஏரியில் ஓடம் விட்டதும் அறமாகக் கருதப்பட்டது.

மற்றொரு வழியும் இருந்தது. ஏரி மீனைப் பிடிக்கும் உரிமைக்கு ஒரு வரி உண்டு. அதைப் 'பாசிப்பாட்டம்' என்றும் 'மீன்பாட்டம்' என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். ஏரி மீனால் வந்த வருவாயை ஏரியைப் பேணுவதற்கே செலவிட்டனர். மேற்பார்க்க ஊர்ச்சபையில் ஆட்கள் இருந்தனர். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளிலேயே 'ஏரி வாரியம்' என்னும் குழுவைக் கூறுகின்றன. தூண்டிலில் அகப்படும் மீனே ஏரியைத் தூர்வாரியது என்று சொல்லலாம்.

இந்த முடிச்சு பின்னர் அவிழ்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பெரிய ஏரிகளின் பராமரிப்பு அரசின் மராமத்து இலாகாவைச் சேர்ந்தது. ஊரார் தாமே கூடிச் செய்துவந்த குடிமராமத்து தளர்ந்தது; அவர்களை வேலைக்கு வரவழைக்க 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே தேவைப்பட்டது. அறமாக இருந்தது சட்டமாக மாறிய பின்னர் அதில் யாருக்கு மனம் ஒட்டும்? 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் அதே பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் இளைஞர் பலருக்கு அச்சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியிருந்தது.

விரிந்த நீர்ப்பரப்பை விரும்புவோர் தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணைக்குச் செல்லலாம். 1958இல் நிறைவுற்ற அந்த அணை, 119 அடி உயரத்தில் 7,321 மில்லியன் கன அடி நீரைத் தேக்கவல்லது, மீன்வளமும் உடையது. நண்பருக்கு அதையும் சொன்னேன். ஆயினும் முதலில் ஏரியைப் பார்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் விடியற்காலையில் சென்றோம். கரையோர மரம் ஒன்றில், மீன்பிடி உரிமைக்கான ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதில் 'மீன்பாசிக் குத்தகை' என்று அச்சிட்டிருந்ததைக் கண்ட நண்பர், "மீன் சரி, பாசியை யார் ஏலம் எடுப்பார்கள்?" என்று கேட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாசிப்பாட்டத்தின் மிச்சமே அது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், வலை எடுத்துத் திரும்பிய ஒருவர் எங்களைத் தம் பரிசலில் ஏற்றிக்கொண்டார். நண்பர் மிகுந்த ஆவலுடன் துடுப்பை வாங்கிக்கொண்டார். கரையிலிருந்து நூறு அடி சென்றிருப்போம். துடுப்பு எதிலோ புதைந்து நின்றது. "சேறுதான் ஐயா. முன்பெல்லாம் இங்கே ரெண்டு ஆள் ஆழம்" என்று சொல்லிவிட்டு, பரிசல்காரர் முழங்கால் நீரில் இறங்கி எங்களைத் தள்ளத் தொடங்கினார்.