தேர்க்கடைக்கு வந்த டெட்ரிஸ்

1995 ஏப்ரலில் செகா நிறுவனம் தன் மெகா டிரைவ் விளையாட்டுப் பெட்டியை இந்தியாவில் விற்க ஷா வாலஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 80 விழுக்காடு இறக்குமதி வரியிலிருந்து தப்பத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் பெட்டியின் விலை 18,000 ரூபாய். சத்தியமங்கலத்தில் விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போன குடும்பங்கள் இருக்கட்டும், கோவை மில்லில் வேலை பார்த்தவருக்கே அது பல மாதச் சம்பளம்.

ஆனாலும் அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு மரியோவைத் தெரியும், கான்ட்ராவைத் தெரியும், பேட்டில் சிட்டியின் குட்டி டாங்கிகளையும் தெரியும். அவர்கள் கைக்கு வந்தவை நகல்கள். கொங்குச் சிற்றூர்களின் வீடியோ கேம் வரலாறு பெரும்பாலும் நகல்களின் வரலாறுதான். பழைய விளையாட்டுகளை ஓட்ட இன்று மலிவான கையடக்கக் கருவி தேடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் காசு வீணாகாது.

அந்த நகல்களின் மூலப் பெட்டி நின்டெண்டோவின் ஃபேமிகாம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியானது. நொடிக்கு ஏறக்குறைய 18 லட்சம் துடிப்புகளில் ஓடும் எட்டு பிட் சிப் அதன் உயிர். தைவானின் யுஎம்சி நிறுவனம் அதற்கு ஒப்பான சிப்புகளைச் செய்யத் தொடங்கியதும், ஊருக்கொரு பெயரில் பெட்டிகள் புறப்பட்டன. ரஷ்யாவில் டென்டி, சீனாவில் சுபோர், இந்தியாவில் மீடியா, லிட்டில் மாஸ்டர். உள்ளே எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். விளையாட்டு அடங்கிய அட்டையை இங்கே கேசட் என்றார்கள். படம் வராவிட்டால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகுவார்கள். வீட்டில் வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடைகள் இருந்தன.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. ஜப்பானியப் பெட்டி நொடிக்கு 60 படங்கள் காட்டும். இந்தியத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையோ நொடிக்கு 50. அதற்கேற்ப யுஎம்சி தனிச் சிப்பே செய்தது. அந்தச் சிப்பில் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவார், பாட்டும் மெதுவாகவே ஒலிக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் விளையாடி வளர்ந்தவர், பழைய பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் இன்று அதே விளையாட்டைப் போட்டால், ஏதோ விரட்டுவது போலிருக்கும். எமுலேட்டரில் குறையில்லை. எஃப்சிஇயுஎக்ஸ் போன்றவற்றில் வட்டாரத் தேர்வில் டென்டி என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்தால் பழைய வேகம் திரும்பிவிடும்.

பெட்டிக்கு டிவி வேண்டும், கரண்ட் வேண்டும். இரண்டும் வேண்டாத பொருள் பிரிக் கேம், டெட்ரிஸின் நகல். மாஸ்கோவில் டோரோட்னிட்சின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ், 1984-இல் எலெக்ட்ரோனிக்கா 60 என்ற கணினியில் டெட்ரிஸை உருவாக்கினார். 1989-இல் நின்டெண்டோவின் கேம் பாய் அதை உலகெங்கும் சட்டைப்பைக்குள் கொண்டு போனது. கேம் பாய் பிறந்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், புதுப் புதுச் சிப்பைத் துரத்தாமல், பழகி மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கைக்காரர். அவர் சொன்னதை அவரையும் தாண்டிச் செய்து காட்டியவர்கள் சீனாவின் பிரிக் கேம் தயாரிப்பாளர்கள். பத்துக்கு இருபது கட்டம் கொண்ட எல்சிடி திரை, சில பொத்தான்கள், பேட்டரி. மேலே 9999 விளையாட்டு என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது சில விளையாட்டுகள்தான், மற்றதெல்லாம் வேகமும் நிலையும் மாறியவை. கொங்கு நாட்டு மாரியம்மன் நோன்பிகளின் தேர்க்கடைகளில், பலூனுக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவே அது தொங்கியது.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி போய்ச் சேர்ந்தது. எட்டு பிட் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. ஆனால் கரண்ட்? 2012-இல் கொங்கு மண்டலத்தில் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. பேட்டரியில் ஓடுவதன் அருமை அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

பேட்டரியில் ஓடும் விளையாட்டுப் பெட்டி என்ற இடத்தைப் பின்னாளில் நிரப்பியது சுப் என்ற சீனக் கருவி. மூன்று அங்குலத் திரை, 400 விளையாட்டுகள், டிவியில் செருக ஒரு வயர். ஃபேமிகாமின் முழு மூளையும் இதில் ஒற்றைச் சிப்பாகச் சுருங்கிவிட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவியின் மிகப் பெரிய பலம் அதன் பேட்டரி. நோக்கியா 1100-இல் இருந்த அதே பிஎல்-5சி வகை. எந்தச் செல்போன் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். குறையும் உண்டு. அதிலுள்ள 400-தான் கடைசிவரை, புதிதாக ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது.

கூடுதலாகச் சில ஆயிரம் செலவழிக்க முடிந்தவர்களுக்கு எமுலேட்டர் ஓட்டும் கருவிகள் என்ற வேறு உலகம் இருக்கிறது. 1996-இல் மராத் ஃபைசுலின் ஐநெஸ் எமுலேட்டரை வெளியிட்டார். 2009-இல் டிங்கு ஏ320 அந்த வேலையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. 2021 இறுதியில் மியூ மினியும், அடுத்த ஆண்டு ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸும், பிறகு ஆர்36எஸ்ஸும் வந்தன. மூன்றிலும் திரை 640-க்கு 480 புள்ளிகள். இதுதான் முக்கியம். ஃபேமிகாமின் படம் 240 கோடுகள், இரட்டித்தால் சரியாக 480. எந்தப் புள்ளியும் கோணாது, மங்காது. எட்டு பிட் நினைவுகளோடு வருகிறவர் இதற்கு மேல் வேகமான சிப்புக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. பொத்தான் அழுத்தம், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, சதுரத்துக்கு நெருங்கிய திரை, இவற்றைப் பார்த்தால் போதும்.

நகல்களுக்கும் இப்போது நகல் வந்துவிட்டது. ஆர்36எஸ் பெயரில் வேறு மின்சுற்றுப் பலகையோடு விற்கப்படும் கருவிகளில் ஆர்க்ஓஎஸ் போன்ற மென்பொருளை ஏற்ற முடியாமல் போகிறது. கூடவே தரும் மெமரி கார்டு பெரும்பாலும் மட்டமானது, திடீரென்று செத்துவிடும். அதில் நிறைத்துத் தரும் விளையாட்டுகள் பலவற்றின் பதிப்புரிமை இன்னும் அவற்றை உருவாக்கிய நிறுவனங்களிடமே இருக்கிறது. கருவி கைக்கு வந்த அன்றே நல்ல கார்டு ஒன்று வாங்கி, மென்பொருளை அதில் ஏற்றிக்கொள்வதுதான் முதல் வேலை.