புலி வேட்டைக்கு வந்த பிரபு

"ஜப்பான்காரன் காலம்" என்றாலே தோட்டப்புறத் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவை மரவள்ளிக்கிழங்கும் சயாம் மரண ரயிலும்தான். அந்த ஆட்சியில் உயர் பொறுப்பு வகித்த ஒருவர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜொகூருக்கு விருந்தாளியாக வந்து போனவர். அவர்தான் தொகுகாவா யொஷிச்சிகா.

1603 முதல் 1867 வரை ஜப்பானை ஆண்ட ஷோகன்கள் தொகுகாவா வம்சத்தினர். அந்த வம்சத்தின் கிளைகளுள் ஒன்று, நகோயாவில் இருந்து ஆண்ட ஓவாரி குடும்பம். ஃபுக்குயி பகுதியின் முன்னாள் குறுநில மன்னருக்கு 1886-இல் மகனாகப் பிறந்த யொஷிச்சிகா, 1908-இல் ஓவாரி குடும்பத்திற்குச் சுவீகாரம் போய், அதன் 19-ஆம் தலைவரானார். ஆனால், குறுநில ஆட்சிகள் 1871-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆக, அவருக்குக் கிடைத்தவை பட்டமும் செல்வமும் மட்டுமே. ஆள நாடு இல்லை.

1921-இல் மலாயா வந்த அவர், சுல்தான் இப்ராகிமின் நட்பைப் பெற்று ஜொகூர்க் காடுகளில் புலி வேட்டையாடினார். தாயகத்தில் "புலி வேட்டைப் பிரபு" என்றே பெயர் பெற்றார். மலாய் மொழியும் கற்றார். குடும்பக் கலைச் செல்வங்களைப் பொதுமக்கள் காண, அவரது முயற்சியால் 1935-இல் நகோயாவில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே மனிதர், 1931-இல் ராணுவ அதிகாரிகள் தீட்டிய ஆட்சிக் கவிழ்ப்புச் சதிக்குப் பணமும் கொடுத்தார். அந்தச் சதி கைவிடப்பட்டது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜெனரல் யமாஷித்தா அந்தத் தாக்குதலை ஜொகூர் பாருவின் புக்கிட் செரின் அரண்மனையில் இருந்து இயக்கினார். பிறகு ராணுவ நிர்வாகத்தின் ஆலோசகராக வந்த பிரபு, சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் பொறுப்பேற்றார். நூல்களும் தாவரச் சேகரிப்புகளும் காக்கப்பட்டன. எதிரி நாட்டவரான ஆங்கிலேய அறிஞர் கார்னர்கூட அங்கே ஆய்வைத் தொடர முடிந்தது. அந்த நன்றியை மறவாமல் அவர் 1981-இல் பிரபுவைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கம் என்ன? அதே ராணுவ ஆட்சியில்தான் மலாயாத் தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர்கள் ஏராளம். அருங்காட்சியகத்துக்குக் கிடைத்த காவல், தோட்டத்து லயங்களுக்குக் கிடைக்கவில்லை.

பிரபு 1944-இல் நாடு திரும்பி, 1976-இல் காலமானார். அறிவுச் செல்வத்தைக் காத்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், ஓர் ஆட்சியை அங்கிருந்த ஒரு நல்ல மனிதரை வைத்து எடை போட்டுவிட முடியாது. பிரபுவின் கதையைச் சொல்ல நூல்கள் இருக்கின்றன. ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களில் எத்தனையோ பேரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. தாத்தா, பாட்டி சொல்லிச் சென்ற பெயர்களை இப்போதாவது ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைக்க வேண்டும்.