மாரிட் பியோர்கென்

மாரிட் பியோர்கென் (பிறப்பு: மார்ச் 21, 1980) நார்வே நாட்டின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை. குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் 8 தங்கம், 4 வெள்ளி, 3 வெண்கலம் என 15 பதக்கங்கள் வென்றவர். த்ரோண்ட்ஹைம் நகரில் பிறந்து, ரோக்னெஸ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார்.

2002, 2006 ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு வெள்ளிப் பதக்கங்களே. 2010இல் வான்கூவரில் 3 தங்கம் உட்பட 5 பதக்கங்களைக் குவித்தார். 2014இல் சோச்சியில் மேலும் 3 தங்கம் வென்றார். உலக சாம்பியன் போட்டிகளில் 18 தங்கமும், உலகக் கோப்பைத் தொடரில் 114 தனிநபர் வெற்றிகளும் பெற்றார்.

2015 டிசம்பரில் தாயானபின், 2017இல் லாட்டி உலக சாம்பியன் போட்டியில் 4 தங்கங்களுடன் மீண்டு வந்தார். 2018இல் பியோங்சாங்கில் நடந்த 30 கி.மீ. பந்தயமே அவரது கடைசி ஒலிம்பிக் ஓட்டம். பனியில் வெட்டிய இணைத்தடங்களில், கைக்கோல்களை ஊன்றி உந்தி முன்னேறிய அந்த 37 வயது வீராங்கனை, இரண்டாமவரை 1 நிமிடம் 49.5 வினாடி பின்தள்ளி வென்றார். அதே ஆண்டு ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். விடாமுயற்சிக்கும் தாய்மைக்குப் பின்னான சாதனைக்கும் அவர் என்றும் நிலைத்த சான்று.