சர்க்கரை பீட்டும் சக்கரவர்த்திக் கீரையும்

தில்லியின் குளிர்காலச் சந்தைகளில் ‘பத்துவா’ என்னும் கீரையைக் கட்டுக்கட்டாகக் குவித்து விற்பார்கள். தயிரில் கலந்து பச்சடியாகவும், மாவில் பிசைந்து ரொட்டியாகவும் வடநாட்டார் அதனை விரும்பி உண்பர். தமிழில் அதற்குச் சக்கரவர்த்திக் கீரை என்று பெயர். அடுக்களையில் இவ்வளவு மதிப்புப் பெற்ற இக்கீரை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சர்க்கரை பீட் பயிரிடும் குடியானவனுக்குப் பரம விரோதி. இதில் ஒரு விந்தையும் உண்டு. பீட்டும் இக்கீரையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றை அழிக்கும் மருந்து மற்றொன்றையும் வாட்டுவது இயல்பே. இந்தப் பங்காளிச் சண்டையில் ஒருவரைக் காத்து மற்றவரை ஒழிக்க மனிதன் கையாண்ட உபாயங்களின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

பீட் கிழங்கில் கரும்பின் சர்க்கரையே அடங்கியுள்ளது என்பதை 1747-இல் பெர்லின் நகரத்து ரசாயன அறிஞர் மார்க்கிராப் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆக்கார்டு, சைலீஷியாவிலுள்ள கூனெர்ன் என்னும் ஊரில் 1801-ஆம் ஆண்டை ஒட்டி முதல் ஆலையை நிறுவினார். பிரிட்டனுடன் நடந்த போரினால் கடல் கடந்து வரும் கரும்புச் சர்க்கரை தடைப்படவே, நெப்போலியன் 1811-இல் 32,000 ஹெக்டேர் நிலத்தில் பீட் பயிரிட வேண்டுமென ஆணை பிறப்பித்தார். ஆணை பிறப்பிப்பது எளிது. ஆனால் அத்தனை நிலத்திலும் களையெடுப்பவர் யார்?

பீட் நாற்று இளமையில் மிகவும் மெலிந்தது. மெல்ல வளரும், நிலத்தை இலைகளால் மூடப் பல வாரங்கள் பிடிக்கும். அதற்குள் களைகள் மேலோங்கி அதன் ஒளியைப் பறித்துவிடும். மேலும், பழைய பீட் வித்து ஒவ்வொன்றும் உண்மையில் பல விதைகள் ஒட்டிய ஓர் உருண்டை. ஒன்றை ஊன்றினால் நாலைந்து முளைக்கும். ஒன்றை நிறுத்தி ஏனையவற்றைக் கிள்ளியெறிய வேண்டும். இவ்வேலையைக் குட்டைக் காம்புக் களைக்கொத்தியைக் கையிலேந்தி, நாள் முழுதும் குனிந்தும் தவழ்ந்தும் செய்தார்கள். அமெரிக்காவில் இப்பாரத்தைச் சுமந்தவர்கள் ருஷ்யாவிலிருந்து குடியேறிய ஜெர்மானியரும் மெக்ஸிகோ நாட்டுக் குடும்பங்களுமே. கொலராடோ மாகாணத்துப் பீட் வயல்களில் சிறு பிள்ளைகள் பாடுபட்ட காட்சியை 1915-இல் லூயிஸ் ஹைன் புகைப்படமாக்கினார். முதுகெலும்பை முறிக்கும் அந்தக் குட்டைக் காம்புக் கொத்தி கலிபோர்னியாவில் 1975-இல்தான் தடை செய்யப்பட்டது. களைக்கொல்லியின் வரலாற்றை நினைக்கும்போது இந்த முதுகுகளை நாம் மறத்தலாகாது.

விடுதலை இரு வழிகளில் வந்தது. முதலாவது, விதையின் வழி. உக்ரைனிலிருந்து அமெரிக்கா சென்ற சவிட்ஸ்கி என்னும் அறிஞர், 1948-இல் ஓரிகன் மாகாணத்து வயல்களில் தேடி, ஒற்றை விதை தரும் அபூர்வச் செடிகளைக் கண்டெடுத்தார். அவற்றின் சந்ததியால் நாற்றுக் கலைக்கும் வேலை பெரிதும் குறைந்தது. இரண்டாவது, ரசாயனத்தின் வழி. 1960-களின் இறுதியில் ஜெர்மனியில் பென்மெடிபாம் என்னும் மருந்து வெளிவந்தது. பீட் செடி இம்மருந்தைத் தன்னுள் சிதைத்துக்கொள்ளும்; சக்கரவர்த்திக் கீரையால் அது இயலாது. பங்காளிகளைப் பிரித்தறியும் மருந்து ஒருவாறு கிடைத்துவிட்டது.

எனினும் மருந்தின் விலை அதிகம். ஆகவே வயல் முழுதும் தெளிக்காமல், பயிர்வரிசையின் மீது மட்டும் பட்டையாகத் தெளிக்கும் முறை பரவியது. வரிசைகளுக்கிடையே 22 அங்குலம் இருக்க, 7 அங்குலப் பட்டையில் மட்டும் தெளித்தால் மருந்துச் செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. எஞ்சிய இடைவெளியை டிராக்டர் இழுக்கும் கலப்பைக் கொழுக்கள் கிளறிவிடும். பின்னர் 1990-களின் இறுதியில், வடக்கு டகோட்டா, மின்னசோட்டா மாகாணங்களின் எல்லையிலுள்ள செந்நதிப் பள்ளத்தாக்கில், ஆலன் டெக்ஸ்டர் என்னும் களையியல் அறிஞர் நுண்ணளவு முறையைப் பரப்பினார். களை இருவித்திலைப் பருவத்தில் இருக்கும்போதே, பல மருந்துகளை மிகச் சிறிய அளவில் எண்ணெயுடன் கலந்து, ஐந்து முதல் ஏழு நாட்களுக்கொரு முறை திரும்பத் திரும்பத் தெளிப்பது இதன் சாரம். பயிருக்கு ஊறு குறைவு, செலவும் குறைவு. ஆனால் ஒரு வாரம் மழையோ காற்றோ தெளிக்க விடாமற் செய்தால் களை கைமீறிப் போய்விடும்.

இத்தகைய ஓயாத கவலைக்கு முடிவு கட்டுவதாக வந்ததே மருந்தைத் தாங்கும் பீட். கிளைபோசேட்டின் களைக்கொல்லும் ஆற்றலை 1970-இல் ஜான் பிரான்ஸ் கண்டறிந்தார். 1974-இல் அது சந்தைக்கு வந்தது. தாவரத்திற்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்கள் உருவாகும் வழியை அது அடைத்துவிடும். நுண்ணுயிர் ஒன்றின் மரபணுவைப் புகுத்தி, அந்த அடைப்புக்கு அகப்படாத பீட் வகையை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் 2008-இல் அது பெருமளவில் விதைக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டுப் பீட் நிலத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு அதற்கு மாறியது. பட்டைத் தெளிப்பும் நுண்ணளவும் மறைந்தன. வயல் முழுதும் ஒரே மருந்தை இரண்டு மூன்று முறை தெளித்தாலே போதும் என்றாயிற்று. உப்புநீரின் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிணித்துவிடாதபடி அம்மோனியம் சல்பேட்டைச் சேர்ப்பதே அவர்கள் கருத்தூன்ற வேண்டிய நுட்பமாக எஞ்சியது.

ஆனால் பீட்டின் மகரந்தம் காற்றில் பறப்பது. ஓரிகன் மாகாணத்து வில்லமெட் பள்ளத்தாக்கில் பீட் விதையும், அதன் இனமான கறிகாய் பீட்ரூட் விதையும் அருகருகே விளைகின்றன. தங்கள் விதை கலப்புறுமென அஞ்சியவர்கள் வழக்குத் தொடுத்தனர். சுற்றுச்சூழல் விளைவுகளை அரசாங்கம் முழுமையாக ஆராயவில்லையென 2009-இல் நீதிமன்றம் கூறியது. 2010 ஆகஸ்டில் அனுமதியையும் நீக்கியது. நாட்டின் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் பயிருக்கு, அடுத்த ஆண்டு விதைக்கப் பழைய வகை விதை போதுமா என்ற திகில் எழுந்தது. விரிவான ஆய்வுக்குப் பின் 2012-இல் அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. எல்லா வயலும் ஒரே விதையை நம்பும்போது, ஒரு நீதிபதியின் தீர்ப்பே பஞ்சத்தின் நிழலாகத் தோன்றக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

நீதிமன்றம் அனுமதித்தாலும் களை அனுமதிக்கவில்லை. நமது தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு களை கிளைபோசேட்டுக்கு மசியாததாயிற்று. மீண்டும் ஒரு கீரைப் பங்காளி! ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியே இருப்பதால், எதிர்ப்புத் தன்மை மகரந்தத்தின் வழியே ஊர் ஊராகப் பரவுகிறது; ஒரு பெண் செடி இலட்சக்கணக்கில் விதை தரும். ஆகவே செந்நதிப் பள்ளத்தாக்கினர் களை முளைக்குமுன்பே மண்ணில் தங்கி வேலை செய்யும் மருந்துகளை, ஒன்றன் விளைவு தீருமுன் மற்றொன்றாகத் தெளிக்கின்றனர். அவையும் மழை பெய்தாலன்றி வேலை செய்யா. தப்பியவற்றை மின்சாரம் பாய்ச்சிக் கருக்குகிறார்கள். சில வயல்களில் ஆட்களை மீண்டும் இறக்கிக் கையால் பறிக்கிறார்கள். மறைந்துபோனதாகக் கருதிய கைக்களையெடுப்பு திரும்பி வந்துவிட்டது.

இக்கதை நமக்குத் தூரத்துக் கதையன்று. தில்லியிலுள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 2021-இல் இமாசெத்தபிர் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் இரண்டு பாஸ்மதி நெல் வகைகளை வெளியிட்டது. அயல் மரபணு புகுத்தாமல், செயற்கையாகத் தூண்டிய மரபணு மாறுதலைத் தேர்ந்து உருவாக்கியவை அவை. நேரடி விதைப்பில் நீரையும் ஆள் கூலியையும் மிச்சப்படுத்த அவை உதவக்கூடும். வயலில் குனிந்து களை பறிக்கும் பெண்டிரின் முதுகு நிமிருமாயின், அதனை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆயினும் அந்தக் கூலியே அவர்கள் வீட்டு அடுப்பெரிய வழியாக இருப்பதையும் எண்ண வேண்டும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், பீட் வயலில் கீரை கற்ற பாடத்தை நெல் வயலில் புல்லும் கற்றுக்கொள்ளும் என்பதையும் எண்ண வேண்டும்.

நல்ல மருந்து கிடைத்த நாளில் பழைய முறைகளை அடியோடு கைவிட்டதே பீட் குடியானவர் செய்த பிழை. பயிரை மாற்றுவதும், மருந்தை மாற்றுவதும், எஞ்சிய களையை விதைக்குமுன் கையால் பறிப்பதும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. அவற்றை விட்டுவிடாதிருக்கும் நிலத்திலேதான் புதிய கண்டுபிடிப்பும் நெடுநாள் நிலைக்கும்.