கமோடு தலையில் இருந்த காலம்

பி.காம். மாணவனான எனக்கு 'கமாடிட்டி' என்றால் சரக்கு. நம் பாத்ரூம் கமோடுக்கும் அதே லத்தீன் வேர்தான் என்று தெரிந்தபோது சிரித்துவிட்டேன். வேரின் பொருள், 'வசதியானது'.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் கமோடு என்றால், பெண்கள் தலைமேல் உயரமாக நிறுத்திய கம்பிச் சட்ட அலங்காரம். (ஆமாங்க, தலையில்தான்!)

பிரான்சிலோ அது இழுப்பறைகள் வைத்த மேசை. 1708இல் பூல் என்ற தச்சுக் கலைஞர் 14ஆம் லூயி மன்னருக்குச் செய்து தந்த இரண்டு கமோடுகள் இன்றும் வெர்சாய் அரண்மனையில் இருக்கின்றன. பழம்பொருள் ஏலங்களில் இன்றும் அந்தப் பெயர்தான்.

அப்புறம்தான் கதை மாறுகிறது. குழாயும் ஃப்ளஷ்ஷும் இல்லாத வீடுகளில் படுக்கையறையிலேயே மலச்சட்டி. அதை மறைக்க மூடி போட்ட நாற்காலி, பெட்டி. சட்டியைச் சொல்லக் கூச்சப்பட்ட ஆங்கிலேயர்கள், அலமாரியின் கௌரவமான பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆனால் வசதி, உட்கார்ந்தவருக்கு மட்டும்தான். காலையில் சட்டியைத் தூக்கிக் கொட்டியது வேலைக்காரர்கள்.

பிரிட்டனில் கமோடு என்றால் இன்றும் நோயாளிக்கான சட்டி வைத்த நாற்காலி. நமக்குத்தான் அது பீங்கான் கோப்பை.